ஒரே பள்ளத்தில் ஒரு அடி

"நான் கிளம்பறேனுங்க அம்மை" என்றார் முத்துநாயகம்.

தோளில் பை இருந்தது. உள்ளே இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு டெஸ்டர். வயரிங் கான்ட்ராக்டராக இருந்து, தொழில், வீடு, ஊர் எல்லாவற்றையும் துறந்து மலையேறியவர். டெஸ்டரை மட்டும் துறக்க மனம் வரவில்லை.

அம்மை வாளிக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அந்த மடத்துக்கு அவர்தான் குரு. முத்துநாயகத்தின் கடைசித் தங்கையைவிட வயதில் சின்னவர். அதனால் அம்மை முத்துநாயகத்தை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னாச்சுங்ணா?"

"அந்த ஆளோட ஒரே இடத்துல இருக்க முடியலீங்க."

அந்த ஆள் என்றால் சடையப்பன். மடத்துச் சமையல்காரர்.

மலைமேல் மடம் என்றால் ஒரே அமைதி என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சடையப்பனுக்குப் பக்கத்துப் பாயில் படுத்துப் பார்த்தால் தெரியும். விடியும் முன்னே எழுந்துவிடுவார். எழுந்ததும் மூக்கால் பாட ஆரம்பிப்பார். வார்த்தை கிடையாது, வெறும் 'ம்ம்ம்' மட்டும். காய் நறுக்கும்போது ம்ம்ம், பாத்திரம் தேய்க்கும்போது ம்ம்ம். போதாததற்கு அந்தக் கால்கள். அவர் காலுக்கு எந்தக் கடையிலும் செருப்பு கிடைத்ததில்லை. வெறுங்காலோடு அவர் நடந்தால் கூடமே தொம் தொம் என்று அதிரும்.

முத்துநாயகம் கண்ணை மூடி தியானத்தில் உட்காருவார். உள்ளே இறைவன் வருவதற்குள் சடையப்பன் வந்துவிடுவார்.

சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து "தண்ணி வேணும்" என்பார். சடையப்பனும் சளைத்தவர் இல்லை. சொம்பைக் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவார்.

"பட்டும் படாமலும் இருந்து பாத்தனுங்க. நடக்கலை" என்றார் முத்துநாயகம்.

அம்மை கயிற்றை இழுத்து முடிச்சைச் சோதித்தார்.

"பட்டும் படாமலும்னா எவ்வளவு தூரமுங்க?"

முத்துநாயகம் யோசித்தார். பையை அடுத்த தோளுக்கு மாற்றினார்.

"சரி, போங்க. போறதுக்கு முன்னால அந்தப் பள்ளத்தை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. பை இங்கயே இருக்கட்டும்."

பையை வாங்கித் தன் அறை வாசலில் ஆணியில் மாட்டினார்.

*

பள்ளத்தின் கதை இது.

மடத்தோடு சேர்ந்து ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி உண்டு. சுற்றியிருக்கும் மலைக்கிராமங்களுக்கு அது ஒன்றுதான். எமிலி சிஸ்டர் ஒருவர்தான் அதற்கு நர்ஸ், ஆயா, காவல் எல்லாம். டாக்டர் கீழே டவுனில் இருக்கிறார். செல்போன் டவர் எட்டாத மலை. ஏதாவது சிக்கல் என்றால் கம்பிப் போனில் டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல சிஸ்டர் பிரசவம் பார்ப்பார்.

மழைக்காலம் வந்தால் தொல்லைதான். ரோட்டிலிருந்து மேலே வரும் கரண்ட் கம்பியும் போன் கம்பியும் மரத்துக்கு மரம் தொங்கி வருகின்றன. ஒரு கிளை முறிந்தால் இரண்டும் போச்சு. போன மழையில் ஒரு குழந்தை டார்ச் வெளிச்சத்தில் பிறந்தது. டாக்டரிடம் கேட்க முடியாமல் சிஸ்டர் தவித்த தவிப்பில், இன்னொரு குழந்தை பிறந்தும் தங்கவில்லை. அந்தக் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அம்மை சொன்னார், இனி எல்லாம் மண்ணுக்கடியில் வரட்டும் என்று.

இந்த மழைக்கு மாதி வருகிறாள். பக்கத்துக் கிராமத்துப் பெண், தலைப்பிரசவம். குழந்தை திரும்பாமல் கிடக்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். கீழே கூட்டிப்போகக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள். அவளுக்கு எமிலி சிஸ்டரைத் தவிர யார்மேலும் நம்பிக்கை இல்லை.

பாறைகளுக்கு நடுவே மண்ணாக இருப்பது ஒரே ஒரு தடம். அதனால் ஒரே ஒரு பள்ளம்தான் தோண்ட முடியும். இடுப்பளவு ஆழம். அதற்குள் நான்கு கருப்புக் குழாய்கள் போக வேண்டும். ஆஸ்பத்திரி கரண்டுக்கு ஒன்று, சமையல்கட்டுக்கு ஒன்று, கிணற்று மோட்டாருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று.

ஊரே கூடித் தோண்டிய பள்ளம். மடத்து ஆட்கள், மாதியின் அண்ணன்மார், எல்லோரும் கடப்பாரை பிடித்தார்கள். குழாய்க்குள் வயர்களை இழுத்து முடித்தது முத்துநாயகம். மேலே ஒவ்வொரு கட்டடத்துக்கும் பிரித்துவிடும் வேலையும் அவருடையதே. கிளம்புகிற ஆள் அல்லவா, கை பறந்தது.

குழாய் இறக்கிய அன்றைக்கு ரோட்டோரத்தில் மெயின் போர்டு மாட்ட வேண்டியிருந்தது. கீழே இறங்கும்போது, குழாய்களைப் பள்ளத்தில் இறக்கி மண் தள்ளும் வேலை சடையப்பன் கையில் இருப்பதைப் பார்த்தார். சொல்லாமல் போக முடியாது. பக்கத்தில் இருந்த பாறையைப் பார்த்துச் சொன்னார்.

"குழாயெல்லாம் ஒண்ணாப் போகணும்."

பாறை கேட்டுக்கொண்டது. சடையப்பனும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பள்ளம் மூடியிருந்தது. நடுவில் இடம் விட்டுத்தானே போட்டீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பேசியதாகிவிடும். கேட்கவில்லை.

*

மறுநாள் காலையில் புது வயர்களில் கரண்ட் விட்டு, புதுப் போனைச் சோதித்துப் பார்த்தார்கள். எமிலி சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தார். முகம் மாறியது.

"அண்ணா, டாக்டர் பேசறது பாதிதான் கேக்குது. ஒரே இரைச்சல். சும்மா சோதிக்கறதுக்கு ஒண்ணு சொல்லுங்கன்னேன். அவர் 'ஊசி போடு'ன்னாரா, 'போடாதே'ன்னாரா தெரியலை."

வார்த்தையின் வாலில் அல்லவா இருக்கிறது உயிர்.

ஓடிப்போய்ப் பள்ளத்தில் ஓர் இடத்தில் கையாலேயே மண்ணைத் தோண்டினார். குழாய்கள் தெரிந்தன. நான்கையும் சேர்த்து, முழத்துக்கு ஒரு முடிச்சாகத் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. பார்க்கக் கச்சிதமான கீரைக்கட்டு.

அவருக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இத்தனை நாள் மனசுக்குள் பொருமியதற்கு இப்போது அத்தாட்சி கிடைத்துவிட்டதல்லவா. நேரே அம்மையிடம் போனார். கரண்ட் போகும் வயரை ஒட்டி இவ்வளவு தூரத்துக்குப் போன் வயரைப் போட்டால் கரண்டின் இரைச்சல் போனுக்குள் இறங்கிவிடும், இது கூடத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நான் அப்போதே சொன்னேன், என்று மூச்சுவிடாமல் கொட்டினார்.

அம்மை எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

ம்ம்ம்ம்ம்.

"அட, நம்ம சடையப்பண்ணன்" என்றார்.

முத்துநாயகம் சிரிக்கவில்லை.

"இதுக்கு என்ன பண்றதுங்ணா? போனுக்குத் தனியா வேற பள்ளம் வெட்டணுமா?"

"வேண்டாமுங்க. பள்ளம் ஒண்ணே போதும். நடுவுல இடம் விட்டு மண்ணைப் போட்டுக் கெட்டிச்சா இரைச்சல் அந்தப்பக்கமே நின்னுடும்."

"சுவர் எதுவும்?"

"சுவரெல்லாம் வேண்டியதில்லீங்க. மண்ணு போதும்."

"எவ்வளவு?"

"ஒரு அடி."

"யாருக்கு?"

முத்துநாயகம் வாயைத் திறந்தார்.

அதற்குள் அம்மை போனை வைத்துவிட்டு, வாசலில் வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

*

சடையப்பன் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ம்ம்ம்.

சமையல்கட்டு வாசலில் முத்துநாயகம் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி, சடையப்பனைப் பார்த்தார்.

"நீங்க பாடறீங்க."

கத்தி நின்றது.

"நானுங்களா?"

"நீங்கதான். எந்நேரமும்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

சடையப்பன் கையிலிருந்த துண்டத்தையே பார்த்தார். காது சிவந்துவிட்டது. தனக்குத் தெரியவே தெரியாது என்றார். வீட்டிலே ஒருவரும் சொன்னதில்லை, இங்கேயும் ஒருவரும் சொன்னதில்லை என்றார். சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காதது முத்துநாயகத்துக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்து குழாய் விஷயத்தைச் சொன்னார்.

"ஒண்ணாப் போகணும்னு நீங்கதான பாறைகிட்டச் சொன்னீங்க" என்றார் சடையப்பன். "அதான் பிரிஞ்சுடக் கூடாதுன்னு நல்லா இறுக்கிக் கட்டினேன்."

"தப்பு என்னுதுதாங்க. ஒரே பள்ளத்துலன்னு அர்த்தம், ஒட்டிப் போடறதுக்கு இல்லை. பாறைகிட்டச் சொன்னேன், உங்ககிட்டச் சொல்லலை."

சடையப்பன் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். பரங்கிக்காய் பாதியில் கிடந்தது.

*

மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

மழை விழுவதற்குள் முடித்தாக வேண்டும். மூடாத பள்ளத்தில் தண்ணீர் புகுந்தால் குழாய்கள் மிதந்து, விட்ட இடமெல்லாம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

முத்துநாயகம் ரோட்டுக்கு ஓடி மெயின் போர்டில் ப்யூஸ்களைப் பிடுங்கினார். பிடுங்கியவற்றை மடியில் கட்டிக்கொண்டார். தான் இல்லாமல் யாரும் கரண்ட் போட்டுவிடக் கூடாது என்பது அந்தத் தொழிலில் பழைய பழக்கம். மடத்துக்கு இன்னும் பழைய கம்பியில்தான் கரண்ட் வந்துகொண்டிருந்தது. அது தாங்குகிற வரைக்கும் தாங்கட்டும்.

மறுபடியும் ஊர் கூடியது. மறுபடியும் மண்வெட்டி. முடிச்சுகளை அறுத்தார்கள். கரண்ட் குழாய்கள் மூன்றும் ஒரு பக்கம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியோடு. ஒட்டிப் போட்டால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வேகும் என்றார் முத்துநாயகம். போன் குழாய் மட்டும் எதிர்ப்பக்கம், ஒரு அடி தள்ளி.

அளக்க டேப்பைத் தேடினால் காணோம். பள்ளத்துக்கு அளவு போட்டுக் கொடுத்த மேஸ்திரி அதைக் கையோடு கீழே கொண்டுபோயிருந்தார்.

"அடிதானே?" என்று அம்மை பள்ளத்துக்குள் தன் பாதத்தை வைத்தார். போதவில்லை.

முத்துநாயகம் வைத்துப் பார்த்தார். அதுவும் போதவில்லை.

எல்லோரும் சடையப்பன் காலைப் பார்த்தார்கள்.

சடையப்பன் கூச்சத்தோடு இறங்கினார். குதிகால் கரண்ட் குழாயைத் தொட, கட்டைவிரல் போன் குழாயைத் தொட, பாதத்தைக் குறுக்கே வைத்தார். முத்துநாயகம் செங்கல்லை வைத்து நீளத்தைச் சரிபார்த்தார். நீளவாக்கில் முழுச் செங்கல் ஒன்று, ஒன்பது அங்குலம்; மேலே அதன் கனம், மூன்று அங்குலம்.

"சரியா ஒரு அடி. நூல் பிசகலை" என்றார்.

எந்தக் கடையும் செருப்பு தராத கால் அது. அன்றைக்கு அந்த மலைக்கே அதுதான் அளவு.

ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சடையப்பன் பக்கவாட்டில் நடந்தார். ஒரு பாதம் வைத்து இடம் காட்டுவார், இரண்டு பக்கமும் குழாயை நகர்த்துவார்கள், முத்துநாயகம் சலித்த மண்ணைக் கொட்டுவார், சடையப்பன் அதே காலால் தொம் தொம் என்று மிதித்துக் கெட்டிப்பார். கூடத்தில் தூக்கத்தைக் கெடுத்த அதே தொம் தொம். கொஞ்ச தூரம் போனதும் ம்ம்ம் தானாக வந்துவிட்டது. சட்டென்று நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாடுங்க" என்றார் முத்துநாயகம். "மிதிக்கறதுக்குத் தாளம் வேணும்."

*

கடைசிக் கூடை மண் விழுந்தபோது முதல் துளியும் விழுந்தது.

அந்த மழையில்தான் மாதியைத் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். வலி எடுத்துவிட்டது. அண்ணன்மார் அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். எமிலி சிஸ்டர் போனிடம் போவதற்குள் வெளியே பெரிய சத்தம். நாவல்மரத்துக் கிளை ஒன்று பழைய கம்பிமேல் விழுந்து, மடத்திலும் ஆஸ்பத்திரியிலும் விளக்கு அணைந்தது.

உள்ளேயிருந்து மாதியின் அலறல் மட்டும் வந்தது.

முத்துநாயகம் ஸ்விட்சைப் புது வயர் பக்கம் தள்ளிவிட்டு மடியைத் தொட்டுப் பார்த்தார். ப்யூஸ்கள் இருந்தன. இறக்கத்தில் ஓட ஆரம்பித்தார். பின்னாலேயே தொம் தொம் என்று இன்னொருவர் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"நனையாம பிடிக்கறேன், நீங்க மாட்டுங்க" என்றார் சடையப்பன். ஒரு கையில் தார்ப்பாய். இன்னொரு கையில், தார்ப்பாய்க்குள் சுற்றி நனையாமல் கொண்டுவந்த பரங்கிக்காய் நறுக்கும் பலகை. கரண்ட் வேலைக்குக் காய்ந்த பலகைமேல் நிற்க வேண்டும் என்று யார் இவருக்குச் சொன்னார்கள்? பள்ளத்தில் மண் கொட்டும்போது முத்துநாயகம்தான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். பேசினால் இப்படி ஒரு பயன் உண்டு.

பலகைமேல் ஏறி நின்றார். துண்டின் காய்ந்த முனையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக மாட்டினார்.

கீழேயிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி தெரியாது. இரண்டு பேரும் தார்ப்பாய்க்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேலேயிருந்து ஒரு குரல் எழுந்தது. போன கரண்ட் திரும்பி வந்தால் நம் ஊரில் எந்தத் தெருவிலும் எழும் குரல்தான். "ஏஏஏ!" ஒரு மலையே சேர்ந்து கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முத்துநாயகம் சிரித்தார். சடையப்பன் அழுதார். இரண்டும் மழையில் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அவர்கள் மூச்சிரைக்க மேலே வந்து ஜன்னலோரம் நின்றபோது, எமிலி சிஸ்டர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்தார். கை இரண்டும் மாதியிடம்.

"ஊசி இப்பப் போடாதே" என்றார் டாக்டர். அடுத்தவர் காதுக்கே கேட்டது. அந்த 'தே' தெளிவாக விழுந்தது. "பொறு. குழந்தை தானாத் திரும்பும்போல இருக்கு. பொறும்மா."

சிஸ்டர் பொறுத்தார். மலையே பொறுத்தது.

பொறுக்கமுடியாத சடையப்பனுக்கு ஜன்னலோரம் நின்றபடி தன்னை அறியாமல் ம்ம்ம் வந்துவிட்டது.

"என்னம்மா, மறுபடியும் லைன்ல ஏதோ இரைச்சல்?" என்றார் டாக்டர்.

"லைன்ல இல்லீங்க டாக்டர்" என்றார் சிஸ்டர். "ஜன்னல்ல."

அப்புறம் இன்னொரு குரல் வந்து எல்லாக் குரலையும் அடக்கிவிட்டது. புத்தம் புதுக் குரல். கோபமான குரல். டவுனில் இருந்த டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "பொண்ணுதானே? அந்த அதட்டல்லயே தெரியுது" என்றார்.

மாதியின் அண்ணன்மார் மழையில் ஆடினார்கள். அம்மையும் ஆடினார். குருமார்கள் ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை. பாதி நறுக்கிய பரங்கிக்காய் அன்று ராத்திரி பாயசமானது.

*

காலையில் மழை விட்டிருந்தது. இரண்டு பேருக்கும் உடம்பில் எலும்பு எலும்பாக வலித்தது. இன்றைக்குப் பகலெல்லாம் தூங்குங்கள் என்று அம்மை சொல்லிவிட்டார்.

முத்துநாயகம் அம்மையின் அறை வாசலுக்கு வந்தார்.

அம்மை ஆணியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தார்.

"பள்ளம் முடிஞ்சுதுங்ணா. நான் கேட்டதுக்குத்தான் இன்னும் பதில் வரலை."

முத்துநாயகம் பையை வாங்கிக்கொண்டார். கீழே இறங்கும் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. கூடத்துக்குள் போனார்.

சடையப்பன் தன் பாயில் உட்கார்ந்து கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். முத்துநாயகத்தின் பாய் வழக்கம்போல் அவர் பாயை ஒட்டிக் கிடந்தது.

முத்துநாயகம் பையைத் தலைமாட்டில் வைத்தார். பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு தள்ளட்டுமுங்க?"

சடையப்பன் வலித்த காலை மெல்லத் தூக்கி, இரண்டு பாய்களுக்கும் நடுவே தரையில் வைத்தார்.